அப்பாயிக்குக் கேட்காத சத்தம்!

எங்கள் வீட்டில் சீலிங் ஃபேன் எல்லோருக்கும் பொது. ஆனால், கூடத்துக் கட்டிலின் தலைமாட்டில், ஸ்டூல் மேல் இருக்கும் 12 வோல்ட் குட்டி ஃபேன் மட்டும் அப்பாயியின் தனிச்சொத்து. லாரி கேபினில் டிரைவர் முகத்துக்கு நேரே சுற்றிக்கொண்டிருக்குமே, அதே ரகம். அப்பாயிக்கு வயது 84. கூடத்தில் படுத்தால் கூடத்துக்கும், திண்ணைக்குப் போனால் திண்ணைக்கும் அந்த ஃபேன் கூடவே போகும்.

அது வீட்டுக்கு வந்தது கஜா புயலின்போது. 2018 நவம்பர் 16 அதிகாலையில், நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே புயல் கரையைக் கடந்தது. ஒரத்தநாடு பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் தென்னைகளோடு மின்கம்பங்களும் வரிசையாகப் படுத்துவிட்டன. கரன்ட் திரும்பி வர வாரக்கணக்கில் ஆனது. அப்போதுதான் அப்பா, தெருவில் லாரி வைத்திருக்கும் அண்ணனிடம் ஒரு பழைய ஃபேனைக் கேட்டு வாங்கி, பயிருக்கு மருந்தடிக்கிற ஸ்பிரேயரின் பேட்டரியில் மாட்டினார். தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போட வந்த ஜெனரேட்டரில் பேட்டரிக்கு சார்ஜ். பகலில் வயலுக்கு, ராத்திரியில் அப்பாயிக்கு.

"இன்வெர்ட்டர் வாங்கலாமே?" என்று நீங்கள் கேட்பது புரிகிறது. வாங்கினோம், அது வேறு கதை. ஃபேனை மட்டும் அப்பாயி விடவில்லை.

ஃபேனில் ஒரே ஒரு குறை. முழு வேகத்தில் அது சுமார் ஒன்றரை ஆம்பியர் குடிக்கும். ஸ்பிரேயர் பேட்டரியோ 8 ஆம்பியர் ஹவர். ராத்திரி ஒன்பது மணிக்குப் போட்டால், இரண்டு மணிக்கு மூச்சு வாங்கி நின்றுவிடும். வேகத்தைக் குறைக்க அப்பா ஒரு கம்பிச்சுற்று ரெசிஸ்டரைக் குறுக்கே போட்டுவைத்திருந்தார். வேகம் குறைந்தது. ஆனால், பேட்டரியிலிருந்து வருவதில் பாதி அந்த ரெசிஸ்டரைச் சூடாக்கவே போய்விட்டது. பேட்டரி விடியும்வரை தாங்கியதே இல்லை.

இந்த மே மாதம் நிலைமை இன்னும் இறுகியது. பிரசவத்துக்கு வந்த அக்கா, ஐந்து மாதக் குழந்தையோடு வீட்டில் இருந்தாள். கோடை மழைக்கு முன்னால் அடிக்கிற காற்றில் எங்கேயோ கிளை முறிந்து கம்பி மேல் விழும், ராத்திரி முழுக்கக் கரன்ட் இருக்காது. கூடத்தில் ஒரு பக்கம் அப்பாயி, மறு பக்கம் தூளியில் பாப்பா. ஒரு வாரம் லீவு போட்டு சென்னையிலிருந்து நான் போயிருந்தேன். பாலிடெக்னிக்கில் ட்ரிபிள் இ முடித்த தம்பி, "ரெசிஸ்டரைத் தூக்கிப் போடுங்க, நான் பி.டபிள்யூ.எம். பண்றேன்" என்று கிளம்பினான்.

பி.டபிள்யூ.எம். என்றால் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் குறைத்து அனுப்புவதற்குப் பதில், முழுசாக அனுப்பி, சட்டென்று நிறுத்தி, மறுபடி முழுசாக அனுப்புவது. இதை ஒரு நொடிக்குள் பல நூறு தடவை செய்தால், மோட்டார் சராசரியை எடுத்துக்கொண்டு நிதானமாகச் சுற்றும். பாதி நேரம் ஆன், பாதி நேரம் ஆஃப் என்றால் பாதி மின்னழுத்தம் கொடுத்ததுபோல. ரெசிஸ்டரில் வீணாவது கிடையாது. ஃபேனுக்கு இன்னொரு சலுகையும் உண்டு. வேகத்தைப் பாதியாக்கினால், காற்றைத் தள்ளுவதற்கான சக்தி கணக்குப்படி எட்டில் ஒரு பங்குதான் தேவை.

ஆன், ஆஃப் செய்யும் வேலைக்கு ஆர்டுயினோ ஊனோ போர்டு, ஸ்விட்ச்சுக்கு ஒரு மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர். சாயங்காலத்துக்குள் முடித்துவிட்டான். ஃபேன் மெதுவாகச் சுற்றியது. கூடவே "ங்ங்ங்..." என்று பாடவும் ஆரம்பித்தது.

முதலில் எழுந்து உட்கார்ந்தது அப்பாயிதான். "கொசு மொய்க்குது பாரு. அந்த வேப்பெண்ணெய் விளக்கை ஏத்துங்கடி."

அப்பாயி சொன்னது கிட்டத்தட்ட சரி. ஊனோ போர்டின் பெரும்பாலான பி.டபிள்யூ.எம். பின்களில் மாற்றம் எதுவும் செய்யாமல் விட்டால் வருகிற அதிர்வெண் நொடிக்கு 490. பெண் ஏடிஸ் கொசுவின் இறக்கை அடிப்பது நொடிக்கு 400 முதல் 600 தடவை. ஒவ்வொரு ஆனுக்கும் ஆஃபுக்கும் மோட்டாருக்குள் இருக்கும் சுருளும் தகடும் ஓர் இழுப்பு இழுபடுகின்றன. அந்த நடுக்கம்தான் காதுக்குச் சத்தமாக வருகிறது.

எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற பாட்டு வாத்தியார் ஒருவர் இருக்கிறார். திருவையாறு அரசு இசைக் கல்லூரியில் படித்தவர். கரன்ட் இல்லாத ராத்திரி என்றால் ஊரே திண்ணையில்தானே இருக்கும்? அவரும் இருந்தார். இரண்டு நிமிடம் தலையைச் சாய்த்துக் கேட்டார். போனில் ஸ்ருதிப்பெட்டி ஆப்பைத் திறந்து ஒரு கட்டையில் வைத்தார். பிறகு சிரித்தார்.

"டேய், உன் ஃபேன் நிஷாதத்துலயே நிக்குதுடா. ஷட்ஜத்துக்கு வந்து சேர்ற வரைக்கும் யாருக்குத் தூக்கம் வரும்?"

எனக்கு நம்பிக்கை வரவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு கட்டை ஸ்ருதியின் ஷட்ஜம் 261.6 ஹெர்ட்ஸ். அதை 15-ஆல் பெருக்கி 8-ஆல் வகுத்தால் காகலி நிஷாதம், 490.5. ஆர்டுயினோவின் துல்லியமான எண் 490.2. இத்தாலியில் அந்த போர்டை வடிவமைத்தவர்கள் சங்கராபரணத்தை நினைத்துச் செய்திருக்க வாய்ப்பில்லை. ஆனால், வாத்தியார் காது பொய் சொல்லவில்லை.

"சார், 523-ல வச்சா மேல் ஷட்ஜம். வைக்கட்டுமா?" என்றான் தம்பி.

"மனுஷங்க தூங்கட்டும்டா."

மறுநாள் காலையில் அப்பாவுக்கு ஒரு சந்தேகம். வேகத்தை மாற்றாமல் சத்தத்தை மட்டும் எப்படி மாற்ற முடியும்? தம்பி விளக்கப்போய், இரண்டாவது வாக்கியத்திலேயே அப்பா பிடித்துக்கொண்டார். "அட, நம்ம கால்வாய்ல முறை வைக்கிற மாதிரின்னு சொல்லு."

எங்களுக்குக் கல்லணைக் கால்வாய்ப் பாசனம். மேட்டூரில் தண்ணீர் குறைவாக இருக்கிற வருடங்களில் முறை வைத்துத்தான் விடுவார்கள். இத்தனை நாள் திறப்பு, இத்தனை நாள் அடைப்பு. மாதத்தில் பாதி நாள் தண்ணீர் வேண்டும் என்றால், பதினைந்து நாள் திறந்து பதினைந்து நாள் மூடலாம். ஒரு நாள் விட்டு ஒரு நாளும் திறக்கலாம். கணக்கு ஒன்றுதான். பயிருக்கு ஒன்றில்லை. பதினைந்து நாள் மூடினால் வயல் வெடித்துவிடும், பிறகு வெள்ளமாக வரும். களிமண் வயல் கொஞ்சம் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், மணல் வயல் தாங்காது. அதற்காக மணிக்கு ஒரு தடவை திறந்து மூடச் சொன்னால்? லஸ்கர் ஷட்டரைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். ஷட்டர் பாதி திறந்தும் திறக்காமலும் கிடக்கிற நேரமே அதிகமாகிவிடும்.

இதைவிடச் சரியாக நான் எந்த வகுப்பிலும் கேட்டதில்லை. மோட்டாரின் சுருளுக்கு அந்தக் களிமண் குணம் உண்டு. ஸ்விட்ச்சை அணைத்த பிறகும் மின்னோட்டத்தைக் கொஞ்ச நேரம் இழுத்துப் பிடித்துவைக்கும். சின்ன மோட்டாரில் அது ஒரு மில்லி செகண்டுக்கும் குறைவு. 490-இல் ஒரு சுற்றுக்கே இரண்டு மில்லி செகண்ட் ஆகிறது. அதற்குள் ஈரம் வற்றிவிடுகிறது. மின்னோட்டம் பூஜ்யத்துக்குப் போய், அடுத்த திறப்பில் வெள்ளமாக வருகிறது.

வெள்ளமாக வந்தால் என்ன, சராசரி அதேதானே? மோட்டாரின் சூடு அந்தக் கணக்கைக் கேட்காது. ஒரு ஆம்பியரைச் சீராக விட்டால் வருகிற சூடு ஒரு பங்கு என்று வையுங்கள். அதையே பாதி நேரம் இரண்டு ஆம்பியர், பாதி நேரம் பூஜ்யம் என்று விட்டால், சராசரி அதே ஒன்றுதான். சூடு மட்டும் இரண்டு பங்கு. ஏனென்றால், சூடு ஆம்பியரின் வர்க்கத்தோடு ஏறுகிறது.

ஆக, அதிர்வெண்ணை ஏற்ற வேண்டும். எவ்வளவு? ஊனோவில் டைமரின் ஒரு செட்டிங்கை மட்டும் மாற்றினால் கிடைப்பவை 30, 122, 490, 3,921, 31,372 என்ற ஐந்து எண்கள்தான். எக்ஸ்பிரஸ் பஸ் நிறுத்தம் மாதிரி, நடுவில் இறங்க முடியாது. 30-ஐ வேடிக்கைக்குப் போட்டுப் பார்த்தான். ஃபேனுக்கு விக்கல் வந்ததுபோல கடகடத்தது. அடுத்த ராத்திரி 3,921.

அய்யோ, அந்தச் சத்தம்! சிலேட்டில் நகத்தால் கீறுவதுபோல. மனிதக் காது மிகக் கூர்மையாக இருப்பது ஏறக்குறைய 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை. சரியாக அதன் நடுவில் கொண்டுபோய் வைத்திருக்கிறான். அம்மா முந்தானையால் காதைப் பொத்திக்கொண்டாள். பாப்பா தூளியில் வீரிட்டது.

அப்பாயி மட்டும் முகம் மலர்ந்து படுத்திருந்தார். "இப்பதான்டா நல்லா இருக்கு. சத்தமே இல்ல."

வயது ஏற ஏற, காது கீச்சென்ற சத்தங்களைத்தான் முதலில் விட்டுக்கொடுக்கும். சின்ன வயதில் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். நடுத்தர வயதில் 15,000-ஐத் தாண்டினால் சிரமம். எண்பதுகளில் 4,000-மே தூரத்துச் சத்தமாகிவிடும். அப்பாயிக்குக் கொசுவின் ரீங்காரம் கேட்கிறது, இந்தக் கீச்சு கேட்கவில்லை. ஒரே அறை, ஒரே ஃபேன், ஆளுக்கொரு சத்தம்.

உலகத்தில் இதை வைத்துக் காசே பண்ணியிருக்கிறார்கள். 2005-இல் இங்கிலாந்துக்குப் பக்கத்து வேல்ஸ் பகுதியில், ஹோவர்ட் ஸ்டேபிள்டன் என்பவர் 'மாஸ்கிட்டோ' என்று ஒரு கருவியைக் கொண்டுவந்தார். கடை வாசலில் கூட்டம் போடும் இளைஞர்களை விரட்ட, 17,400 ஹெர்ட்ஸ் அளவில் எரிச்சலூட்டும் சத்தம். வாங்குகிற வயதில் இருக்கும் பெரியவர்களுக்கு அது கேட்காது. பள்ளிப் பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? அந்தச் சத்தத்தையே ரிங்டோனாக்கி, ஆசிரியருக்குத் தெரியாமல் வகுப்பில் மெசேஜ் வாங்கினார்கள். 2006-இல் ஸ்டேபிள்டனுக்கு, சிரிக்கவைத்து யோசிக்கவைக்கும் கண்டுபிடிப்புகளுக்கான இக்நோபல் பரிசு, அதுவும் அமைதிப் பிரிவில்! உங்கள் வீட்டிலும் சோதிக்கலாம். போனில் டோன் ஜெனரேட்டர் ஆப் ஒன்றைப் போட்டு, வால்யூமைக் குறைவாக வைத்து, 8,000-இலிருந்து மெதுவாக ஏற்றிக்கொண்டே போங்கள். தாத்தா, அப்பா, பிள்ளை என்று வரிசையாகக் கை இறங்கும்.

சரி, கூடத்துக்கு வருவோம். அன்று ராத்திரி அக்கா பாப்பாவைத் தூக்கிக்கொண்டு காற்றில்லாத பின்கட்டு அறைக்குப் போய்விட்டாள். மறுநாள் யாரோ பேச்சுவாக்கில் அப்பாயியிடம் காரணத்தைச் சொல்லிவிட்டார்கள். அப்பாயி ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ராத்திரி பதினொரு மணிக்கு நான் தண்ணீர் குடிக்க எழுந்தபோது ஃபேன் நின்றிருந்தது. பேட்டரி தீரவில்லை. வயரைப் பிடுங்கிச் சுருட்டி வைத்துவிட்டு, பனையோலை விசிறியால் விசிறிக்கொண்டிருந்தார். முதுகுப்பக்கம் ரவிக்கை நனைந்து ஒட்டியிருந்தது.

"ஏன் அப்பாயி?"

"எனக்கு ஒண்ணும் வேக்கல. புள்ளைய கூடத்துல வந்து போடச் சொல்லு."

தம்பியை எழுப்பி இதைச் சொன்னேன். அதுவரை அவனுக்கு இது விளையாட்டு. பிறகு விளையாடவில்லை.

மிச்சமிருந்த எண் 31,372. யார் காதுக்கும் எட்டாத உயரம். காலையிலேயே போட்டுப் பார்த்தான். நிஜமாகவே சத்தம் இல்லை. நம் காதுக்குத்தான் சொல்கிறேன். பூனைக்கு 60,000 வரை கேட்குமாம். எங்கள் வீட்டுப் பூனை ஃபேனை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் திண்ணைக்குப் போனது, அதன் சாட்சியத்தைப் பதிவுசெய்ய முடியவில்லை. ஆனால், இரண்டு புதுச் சிக்கல்கள். குறைந்த வேகத்தில் வைத்தால் ஃபேன் கிளம்பவே மறுத்தது. அரை மணி நேரத்தில் டிரான்சிஸ்டரைத் தொட்டவன் கையை உதறினான்.

சூட்டுக்குக் காரணம் அந்த லஸ்கர்தான். மாஸ்ஃபெட் முழுசாகத் திறந்திருக்கும்போது சூடாகாது, முழுசாக மூடியிருக்கும்போதும் ஆகாது. திறந்தும் திறக்காமலும் இருக்கும் அந்த நொடித்துளியில்தான் சூடு. ஆர்டுயினோவின் பின் கொடுக்கிற கொஞ்ச மின்னோட்டத்தில் அவன் போட்டிருந்த ஐ.ஆர்.எல்.இசட்.44என் திறக்க இரண்டு மைக்ரோ செகண்ட் பக்கம் ஆகிறது, மூட இன்னோர் இரண்டு. 490-இல் அது ஐந்நூறில் ஒரு பங்கு நேரம், கண்டுகொள்ள வேண்டாம். 31,372-இல் ஒரு சுற்றே 32 மைக்ரோ செகண்ட்தான். எட்டில் ஒரு பங்கு நேரம் வாசற்படியிலேயே கழிகிறது. போதாக்குறைக்கு, மோட்டாருக்குக் குறுக்கே போட்டிருந்த 1என்4007 டயோடு, வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸுக்குப் பழகிய சோம்பேறி. இந்த வேகத்துக்குக் கதவைச் சாத்தத் தெரியாது. எல்லாம் சேர்ந்து ஒரே ஒரு வாட் வீணானாலே, ஹீட் சிங்க் இல்லாத அந்த டிரான்சிஸ்டர் சுமார் 60 டிகிரி ஏறிவிடும். மே மாதத்து தஞ்சாவூர் வெயிலை அதன் மேல் கூட்டிக்கொள்ளுங்கள்.

கிளம்ப மறுத்ததற்குக் காரணம் வேறு. 490-இல் வெள்ளமாக வந்த மின்னோட்டம் ஒவ்வொரு தடவையும் ஓர் உதை கொடுத்தது. நின்றிருக்கும் பிரஷ் மோட்டாருக்கு அந்த உதை தேவை. சீரான, மெல்லிய மின்னோட்டத்தில் அது கிடைப்பதில்லை. எவ்வளவு ஏற்றினாலும் நல்லது என்று சொல்ல முடியாதது இதனால்தான்.

அன்று தஞ்சாவூருக்கு பஸ் ஏறினோம். கீழவாசல் பக்கம் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கடை. வாங்கியவை இரண்டே சாமான். கேட் டிரைவர் என்கிற சின்ன ஐ.சி., வேகமாக மூடுகிற ஒரு ஷாட்கி டயோடு. கேட் டிரைவர் லஸ்கருக்குத் துணை ஆள் மாதிரி. ஷட்டரை ஒரே மூச்சில் திறந்து, ஒரே மூச்சில் மூடும். "எல்298என் மாட்யூல் வேணாமா தம்பி? எல்லாரும் அதைத்தான் வாங்குறாங்க" என்றார் கடைக்காரர். பொம்மை காருக்கு அது சரி. 12 வோல்ட்டில் இரண்டு வோல்ட்டைத் தனக்கே எடுத்துக்கொள்கிற ஐ.சி., ராத்திரி முழுக்கப் பேட்டரியைக் காப்பாற்ற வேண்டிய இடத்துக்கு ஆகாது.

அதிர்வெண்ணை 20,000-இல் வைத்தான். டைமரின் வேறொரு முறையில், 16 மெகாஹெர்ட்ஸை 800-ஆல் வகுத்தால் அந்த எண் கச்சிதமாகக் கிடைக்கிறது. நான் 25,000 வைக்கச் சொன்னேன். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் நான்கு வயர் ஃபேன்களுக்கு இன்டெல் வகுத்த அளவு அதுதான். "பாப்பா காதுக்கு 20,000-மே எல்லைக்கோடு. கோட்டு மேலேயே நிக்கணுமா?" என்று கேட்டேன். அவனுக்கு டிரான்சிஸ்டர் சூடு முக்கியம், எனக்குப் பாப்பா. கொஞ்ச நேரம் சண்டை. கடைசியில் 22,000-க்குச் சற்று மேலே ஓர் எண்ணில் சமாதானம் ஆனது. கிளம்புவதற்கு, போட்டவுடன் அரை நொடி முழு மின்சாரம், பிறகு குறைந்த வேகம் என்று இரண்டு வரி எழுதினான்.

அன்று ராத்திரியும் கரன்ட் போனது. அக்கா தயங்கித் தயங்கித் தூளியைக் கூடத்துக்குக் கொண்டுவந்தாள். தம்பி ஃபேனைப் போட்டான். இறக்கை காற்றைக் கிழிக்கிற சத்தம் மட்டும். நாங்கள் ஆறு பேரும் பாப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம், ரிசல்ட் வரப்போகிற மாதிரி. பாப்பா கொட்டாவி விட்டது.

அப்பாயி மட்டும் கையை நீட்டி, காற்று வருகிறதா என்று பார்த்தார். "புள்ளை அழுவலையே?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு, விசிறியைத் தலையணைக்கு அடியில் வைத்தார். எதற்கும் கையோடு இருக்கட்டும் என்று.

காலை ஆறரைக்கும் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. இந்த வேகத்துக்கு அது எடுத்தது சுமார் 0.4 ஆம்பியர். பேட்டரியைக் கழற்றிக் கொஞ்ச நேரம் விட்டு மீட்டர் வைத்தால் 12.2 வோல்ட். பாதிக்கு மேல் மிச்சம்.

அப்பா அந்த பேட்டரியை எடுத்து ஸ்பிரேயரில் மாட்டிக்கொண்டே, "இதுக்கும் ஒண்ணு செஞ்சு கொடேன், ரெகுலேட்டர் போயிடுச்சு" என்றார். தம்பி பழைய போர்டையே எடுத்தான். எந்த எண்ணையும் மாற்றவில்லை, அதே 490. டேங்கில் அழுத்தம் நிற்கும்போது பம்ப் கிளம்ப அந்த உதை வேண்டும், டேங்க் தீர்ந்து நிறுத்துகிற இடைவெளியில் மோட்டார் ஆறிவிடும்.

"சத்தம் போடுமேடா?" என்றேன்.

"அந்த பம்ப் போடுற சத்தத்துல எந்த நிஷாதம்க்கா கேட்கப்போவுது?"